பெல்ட்டுக்கு எண்ணெய் வைத்தது நான்தான்

இன்னாங்க,

நான்தான், லில்லி. கடிதம் என்றால் "கர்த்தருக்குள் பிரியமான" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும் என்று நம் மகள் ரூபிக்கு ஹாஸ்டலுக்கு எழுதும்போதெல்லாம் சொல்வீர்கள். இன்றைக்கு எனக்கு அப்படி ஆரம்பிக்க வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் உங்களை "இன்னாங்க" என்றுதான் கூப்பிட்டேன், இப்போதும் அப்படியே கூப்பிடுகிறேன். நீங்கள் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் கூப்பிடாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் போய்ப் பதினோரு மாசம் ஆகிவிட்டது. ரூபி நர்ஸிங் இரண்டாம் வருஷம் பாஸ் செய்துவிட்டாள். மாசத்துக்கு ஒரு முறை வேலூர் பாகாயம் ஹாஸ்டலிலிருந்து வருகிறாள். வந்தால் உங்கள் நாற்காலியில் உட்காருவதில்லை, தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். நம் தெருவில் ஜப்பான்காரன் நூறு சிசி வண்டி மூன்று வந்துவிட்டது. வருவதும் தெரிவதில்லை, போவதும் தெரிவதில்லை. "அதெல்லாம் ஒரு வண்டியா?" என்று நீங்கள் கேட்பது இங்கே எனக்குக் கேட்கிறது.

இதைச் சொல்லவா கடைக்குப் போய் இத்தனை பேப்பர் வாங்கி வந்தேன்? இல்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தைரியம் போய்விடும். உங்கள் வண்டியில் பெல்ட் அறுந்ததற்குக் காரணம் உங்கள் கை இல்லை. என் கைதான், இரண்டு முறையும். எனக்கு அது எட்டு வருஷமாகத் தெரியும். நீங்கள் கண்ணை மூடும்வரை உங்களிடம் சொல்லவில்லை.

இந்தக் கடிதம் நம் சபையின் மாசப் பத்திரிகையில் வரப்போகிறது. அதனால் உங்களுக்குத் தெரிந்த விஷயத்தையும் மற்றவர்களுக்காக விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் எழுதியதைப் போதகரிடம் காட்டினேன். "எண்ணெய் விஷயத்தை மட்டும் எடுத்துடலாமேம்மா, மத்ததெல்லாம் ரொம்ப உருக்கமா இருக்கு" என்றார். "எண்ணெய்தான் ஐயா விஷயம், மத்ததெல்லாம் சும்மா" என்றேன்.

உங்கள் வண்டி வெள்ளைக்காரன் காலத்து ஐந்நூறு சிசி. பட்டாளத்திலிருந்து வந்த ஒருவரிடம் வாங்கினீர்கள். தெருவே அதற்கு "லண்டன்" என்று பேர் வைத்தது. "லண்டன் கெளம்பிடுச்சி, மணி ஏழரை" என்று எதிர்வீட்டுப் பாயம்மா பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவார்கள். அதை நீங்கள் நடுவீட்டில் நிறுத்துவீர்கள். அது எண்ணெய் ஒழுக்கும், அதைப் பிடிக்க என் வடாம் தட்டை வைப்பீர்கள். வண்டிக்கு வடாம் தட்டு வைத்த வீடு ஆம்பூரில் நம் வீடு ஒன்றுதான் இருக்கும்.

அந்த வண்டியில் எஞ்சினிலிருந்து கிளட்சுக்கு ஒரு சங்கிலி ஓடும். ஒரு தகரப் பெட்டிக்குள் எண்ணெயில் முங்கியே ஓடும். அந்தப் பெட்டி ஒரு நாளாவது எண்ணெயை ஒழுங்காகப் பிடித்து வைத்ததா? லைட்டோ அதைவிட மோசம். பழைய டைனமோ கொடுக்கிற கரண்டில் மினுக்கு மினுக்கு என்று எரியும், வேகத்தைக் குறைத்தால் அதுவும் போய்விடும். வேலூர் போய் வரும்போது இருட்டிவிட்டால், ஏதாவது லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அதன் வெளிச்சத்தில் வந்து சேருவீர்கள். நான் வாசலில் நின்று ஏசுவேன்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம் அது. நீங்கள் ஷூ கம்பெனியில் மெஷின் ஃபிட்டர். வெளிநாட்டு மெஷின் ஒன்று பழுதாகிப் பழைய இரும்புக்குப் போனது. அதோடு வந்த ஸ்பேர் பெல்ட் இரண்டை மேனேஜரிடம் கேட்டு வாங்கி, பேப்பரில் சுற்றிக் கொண்டு வந்தீர்கள். கறுப்பு ரப்பர், உள்பக்கம் முழுக்கப் பல் பல்லாக இருந்தது. குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தீர்கள்.

"லில்லி, இத பாரு. சங்கிலிக்கு பதிலா இத போடப்போறேன். எண்ணெய் வேலையே இல்ல. பொட்டி காஞ்சி கெடக்கும். டைனமோவ தூக்கிப் போட்டுட்டு, பொட்டிக்குள்ளயே ஆல்டர்னேட்டர் வெச்சிடுவேன். லைட்டு பகல் மாதிரி எரியும் பாரு."

"எண்ணெய் இல்லாம இன்னா பெல்ட்டு? அறுந்துடாதா?" என்றேன்.

"ஒனக்கு இன்னா தெரியும்? போ, போயி டீ போடு."

போய் டீ போட்டேன். அன்றைக்கு நீங்கள் ஒரு இரண்டு நிமிஷம் உட்கார்ந்து எனக்கு விளக்கியிருந்தால்? பழியை உங்கள் மேல் போடவில்லை. சும்மா கேட்கிறேன்.

ஆறு மாசம் நீங்கள் மனுஷனாக இல்லை. பின்பக்கத் தகரக் கொட்டகையில், இரும்பு கடைகிற உங்கள் பழைய லேத்தோடு குடித்தனம் நடத்தினீர்கள். பெரிய புல்லி ஒன்று, சின்னப் புல்லி ஒன்று கடைந்து, குடியாத்தத்தில் தறிச் சாமான் செய்கிற பட்டறைக்குக் கொண்டு போய்ப் பல் வெட்டி வந்தீர்கள். பல் ஒன்று சரியில்லை என்று முழுப் புல்லியையே தூக்கி எறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கடைந்தீர்கள். விபத்தில் நசுங்கிய ஒரு வண்டியின் ஆல்டர்னேட்டரை வாங்கி வந்து, எஞ்சின் தண்டின் முனையில் காந்தத்தையும் அதைச் சுற்றிக் காயிலையும் உட்கார வைத்தீர்கள். இரண்டுக்கும் நடுவில் சுற்றிலும் ஒரே இடைவெளி இருக்க வேண்டுமாம். உங்கள் அம்மாவின் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கீற்றாக வெட்டி உள்ளே விட்டு அளந்து பார்த்தீர்கள். "அம்மா நெஞ்சு எனக்கு அளவுகோல் ஆய்டுச்சி" என்று சிரித்தீர்கள்.

முதல் நாள் வண்டி கிளம்பியபோது தெருவே வந்து நின்றது. பொழுது சாய்கிற நேரம். லைட்டைப் போட்டீர்கள். எதிர்வீட்டுச் சுவர் பளீரென்று தெரிந்தது. வேகத்தைக் குறைத்தீர்கள், லைட் குறையவில்லை. பாயம்மா "அல்லா!" என்று கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். மறுநாள் காலையில் நான் வடாம் தட்டை எடுத்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மாமியார் இருந்ததால் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

அப்புறம் ஆட்கள் வந்தார்கள். அரக்கோணம் ரயில்வே லோகோ ஷெட்டில் வேலை பார்க்கிற குப்புசாமி முதலில். அவரிடமும் அதே மாதிரி ஒரு பழைய வண்டி. "அண்ணா, இதே மாதிரி எனக்கும் பண்ணிக் குடு" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஒரு லுங்கி வியாபாரி, ஒரு கம்பவுண்டர், இன்னும் இரண்டு பேர் என்று ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். பெல்ட்டுக்கு மெட்ராஸில் சொல்லி வைத்தீர்கள். ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். "தேவசகாயம் ஒர்க்ஸ்" என்று நீல பெயின்ட்டில் போர்டு எழுதி வந்தது. சொந்தப் பட்டறை. உங்களுக்கு நாற்பது வயசுவரை இருந்த ஒரே ஆசை அதுதான்.

அதை நான்தான் கெடுத்தேன்.

என் அப்பா சாலமோன் டேனரியில் பெல்ட்காரர். இங்கே பழைய ஆட்களுக்குத் தெரியும். தோல் ஊறுகிற பெரிய மர டிரம்களை அந்தக் காலத்தில் தோல் பெல்ட் போட்டுத்தான் சுற்றுவார்கள். கூரைக்குக் கீழே ஒரு நீளத் தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு பெல்ட். வெள்ளிக்கிழமை டேனரிக்கு லீவு. எல்லாம் நின்றிருக்கும்போது அப்பா ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு பெல்ட்டுக்கும் கொழுப்பும் மீன் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியதைத் தடவுவார். கீழே டப்பாவைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். ஒரு வாரம் அவருக்குக் காய்ச்சல், யாரும் தடவவில்லை. திங்கட்கிழமை ஒரு பெல்ட் அறுந்து வந்து அவர் முகத்தில் அடித்தது. இடது கண் போய்விட்டது.

"காஞ்ச பெல்ட்டு அறுந்துக்கும்மா. அறுந்தா ஆளத்தான் தேடும்" என்று ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்துக்கொண்டு சொன்னார். எனக்கு அப்போது ஒன்பது வயசு. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த என்னிடம் வந்து, எண்ணெயே இல்லாத பெல்ட்டின் மேல் உட்கார்ந்து தினமும் ரோட்டில் போகிறேன் என்றால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

உங்கள் கம்பெனிக்கும் வெள்ளிக்கிழமைதான் லீவு, காலையில் நீங்கள் கறி வாங்கப் போவீர்கள். போனால் பேசிவிட்டு வர ஒரு மணி நேரம். தகரப் பெட்டியில் ஒரு வட்ட மூடி உண்டு, பழைய எட்டணாவை வைத்துத் திருகினால் கழன்று வரும். அப்பா வீட்டிலிருந்து வாங்கி வந்த எண்ணெயைக் கோழி இறகில் தோய்த்து, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி அழுத்தி, பெல்ட் முழுக்கத் தடவினேன். பல்லுக்குப் பல் விடாமல் தடவினேன். தடவும்போது ஜெபமும் செய்தேன். கர்த்தாவே, இவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சிரிப்பீர்கள் என்றுதான். "பெல்ட்காரர் மவ வந்துட்டா" என்று கேலி செய்வீர்கள். வாசம் காட்டிக்கொடுத்திருக்காதா என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். டேனரி நாற்றத்தில் ஆம்பூரில் எவனுக்கு மூக்கு வேலை செய்கிறது?

நான்காம் மாசம் பள்ளிகொண்டா பக்கத்தில் முதல் பெல்ட் போனது. பட்டப்பகல். ஆறு மைல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, மீதி தூரத்துக்கு ஒரு லாரியில் ஏற்றி வந்தீர்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் ரப்பர் ஊறிப்போய்ப் பல்லெல்லாம் உதிர்ந்து கிடந்தது, அடியில் எண்ணெய்ப் பிசுக்கு. விரலால் தொட்டுப் பார்த்து, "எஞ்சின்ல இருந்து கசியுது லில்லி. நான் கடைஞ்ச எடம் சென்டர் இல்ல போல, எண்ணெய அடைக்கிற சீல் சரியா ஒக்கார்ல" என்றீர்கள். அந்த இடத்தை மறுபடி கடைந்து புது சீல் போட்டு, இரண்டாவது பெல்ட்டை மாட்டினீர்கள்.

அப்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நான் தடவிய எண்ணெய் போதவில்லை என்று நினைத்தேன். வாரத்துக்கு ஒரு முறை தடவியதை இரண்டு முறை ஆக்கினேன். ஐயோ, இதை எழுதவே கை கூசுகிறது.

இரண்டாவது பெல்ட் ஏழு வாரம்தான் தாங்கியது. மாதனூர் இறக்கத்தில், பின்னால் லாரி வரும்போது அறுந்து புல்லியில் சுற்றிக்கொண்டது. வண்டி இழுத்துக்கொண்டு போய் ஓரத்தில் சாய்ந்தது. லாரிக்காரன் ஒடித்துத் திருப்பியதால் தப்பித்தீர்கள். முழங்கையில் தோல் முழுக்கப் போய், சட்டை கிழிந்து வந்து நின்றீர்கள். பெட்டியைத் திறந்தீர்கள். மறுபடி அதே எண்ணெய். அதற்குமேல் உங்களால் அதைச் சரியாகக் கடைய முடியாது என்று நீங்கள் நம்பியது அன்றைக்குத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரையும் வரச் சொன்னீர்கள். கொட்டகையில் நிற்க வைத்துக்கொண்டு பேசினீர்கள். நான் டீ டம்ளரோடு வாசற்படியில் நின்றேன்.

"என் கையில சுத்தம் இல்லப்பா. வேற ஆளப் பாத்துக்கங்க."

"இன்னாண்ணா பேசற? ரெண்டு பெல்ட்டு போனா மூணாவது நிக்கும்" என்று குப்புசாமி சண்டைக்கு வந்தார்.

"போனது என் பெல்ட்டு, என் மொழங்கை. நாளைக்கி ஒன் வண்டியில போனா? பின்னாடி லாரி வந்தா? ஒன் பொண்டாட்டிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

ஐந்து பேரும் டீ குடிக்காமல் போய்விட்டார்கள். நீங்கள் சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டீர்கள். நீல பெயின்ட் போர்டைக் கவிழ்த்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டீர்கள். லண்டனுக்குச் சங்கிலியைக்கூடத் திரும்ப மாட்டவில்லை. சாக்கைப் போட்டு மூடிவிட்டு, மறுநாளிலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போனீர்கள். லேத்தை யாரோ வந்து மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நீங்கள் வெளியே வந்து பார்க்கவில்லை.

சத்தியமாக, அதுவரை எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் நானும் கம்பெனியில் ஷூவின் மேல்தோலை, அப்பர் என்பார்கள், தைக்கச் சேர்ந்தேன். பக்கத்து மெஷினில் ஒரு பெண் எண்ணெய்க் கேனைக் கவிழ்த்துவிட்டாள். மெட்ராஸிலிருந்து வந்திருந்த மெக்கானிக் பாய்ந்து வந்தார்.

"இன்னாம்மா நீ! பெல்ட்டு மேல ஊத்தறியே! இது தோலா, எண்ணெய் குடிச்சி வளர? ரப்பர்மா! எண்ணெய் பட்டா ஊறிப்போயி பல்லு மொத்தமும் கழண்டுக்கும்."

அவர் துணியால் துடைக்கத் துடைக்க நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே கறுப்பு பெல்ட், அதே பல். என் காலுக்குக் கீழே மெஷின் ஓடுகிறது, ஊசி எங்கோ போகிறது. தோல் கிழிந்து சூப்பர்வைசர் வந்து கத்தியது அப்புறம்தான் காதில் விழுந்தது.

அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு ஓடி வந்தேன். வந்து பார்த்தால் நீங்கள் ரூபியோடு உட்கார்ந்து அவளுடைய பம்பரத்துக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். அவள் ஏதோ சொல்ல, நீங்கள் சத்தமாகச் சிரித்தீர்கள். ஒரு வருஷத்தில் முதல் சிரிப்பு. அதைக் கெடுக்க மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று அரிசி களையப் போனேன்.

அந்த நாளைக்கு வரவேயில்லை. முதலில் உங்கள் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அப்புறம் அப்பாவுக்காக. அவருடைய எண்ணெய்தான் உங்களைக் கவிழ்த்தது என்று தெரிந்தால் இன்னொரு கண்ணும் போனது போல் ஆகிவிடுவார் என்று சாக்கு வைத்திருந்தேன். அப்பாவும் போய்விட்டார். அதற்கப்புறம் எனக்குச் சாக்கே இல்லை, எனக்காகத்தான் சொல்லவில்லை. நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று பயந்தேன். லில்லி வாயில் ஊசி அளவு ரகசியம்கூடத் தங்காது என்று ஊரே சொல்லும். இந்த ஒன்று எட்டு வருஷம் தங்கியது.

தினமும் அதன் பலனைப் பார்த்தேனே. பெரிய பெரிய மெஷினைக் குடைந்து எடுத்த நீங்கள் வீட்டில் ஸ்டவ்வுக்குத் திரி மாற்ற மாட்டீர்கள். "ஆளக் கூப்புடு லில்லி." சபை ஆர்மோனியத்தில் காற்று போகிறது, ஒரு கை பாருங்கள் என்று கேட்டபோதும் "என் கை ஆவாதுங்க ஐயா" என்று ஒதுங்கினீர்கள். போதகர் அதைப் பணிவு என்று பிரசங்கத்தில் சொன்னார். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது.

கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு நாள். உங்கள் கட்டிலின் சக்கரம் ஒன்று கிறீச் கிறீச் என்றது. வார்டு பையன் குனிந்து பார்த்துவிட்டு, "பெருசு, நீங்க ஃபிட்டராமே, இதுல இன்னா கோளாறுன்னு சொல்லுங்க, நான் பண்றேன்" என்றான். நீங்கள் இரண்டு கையையும் போர்வைக்கு உள்ளே இழுத்துக்கொண்டீர்கள். "எனக்குத் தெரியாதுப்பா." உங்களுக்கா தெரியாது? நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பையன் போய்விட்டான், வார்டில் வேறு யாரும் இல்லை, ரூபி மருந்து வாங்கப் போயிருந்தாள். அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. வாயைத் திறந்தேன். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். நாலாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

என்றைக்காவது உங்களுக்குச் சந்தேகம் வந்ததா? அந்தப் பிசுக்கைத் தொட்ட விரலை மூக்குக்குக் கொண்டு போனீர்களா? தெரிந்தும் என்னைக் காப்பாற்றவா அப்படிச் சொன்னீர்கள்? இல்லை, அப்படி நினைத்து நான் ஆறுதல் தேடக்கூடாது. உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கையை மறைத்திருக்க மாட்டீர்கள்.

போன மாசம் குப்புசாமி வந்தார். தலை நரைத்துவிட்டது. உங்கள் சாவுக்கு வர முடியவில்லை என்று துக்கம் கேட்க வந்தார். காப்பி கொடுத்தேன். அவர் டம்ளரைக் கையில் எடுத்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், இறகு, எட்டணா, எல்லாம். யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து வெளியே போய்விட்டார். செருப்பைக்கூட மாட்டவில்லை. போகட்டும், எனக்கு அது வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து வந்தார், கண் சிவந்திருந்தது.

"அண்ணன் பண்ண புல்லி எங்க அண்ணி?"

"வண்டியிலயே இருக்குது. நான் தொடல."

அடுத்த வாரம் ஷெட்டிலிருந்து அளக்கிற டயல் ஒன்றைக் கொண்டு வந்தார். சாக்கை எடுத்து, துருவைத் துடைத்து, நீங்கள் சீலுக்காகக் கடைந்த இடத்தில் டயலை வைத்து எஞ்சினைக் கையால் சுற்றினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "பாருங்கண்ணி, முள்ளு ஆடவே இல்ல. எங்க ஷெட்டுல இப்புடிக் கடையற ஆள் இல்ல" என்றார். இரண்டு புல்லியையும் நூல் பிடித்துப் பார்த்தார், மயிரிழை தப்பில்லை. இப்போது மெட்ராஸில் அந்த பெல்ட் கடையிலேயே கிடைக்கிறதாம். வாங்கி வந்து மாட்டினார். எனக்கு எதிரிலேயே வட்ட மூடியை இறுக்கினார். "தொடாதீங்க" என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நேற்று மத்தியானம் வேலூர்வரை ஓட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். வண்டி சத்தம் தெருமுனை திரும்பும்வரை கேட்டது. நான் வாசலில் உட்கார்ந்தேன்.

இதை நான் எழுதத்தான் வேண்டும். அங்கே உட்கார்ந்து நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? அந்த பெல்ட் அறுந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆளுக்கு ஒன்றும் ஆகாமல், பள்ளிகொண்டாவிலோ மாதனூரிலோ அறுந்து, அவர் பஸ்ஸில் வந்து இறங்கி, "அண்ணன் கடைஞ்சதுதான் தப்பு போல அண்ணி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று. அப்படிச் சொல்லியிருந்தால் எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் செத்துப் போகிறவரை நிம்மதியாக இருந்திருப்பேன். நீங்கள் செத்தபிறகும் உங்கள் கையை விற்று என் மனசை ஆற்றிக்கொள்ளப் பார்த்தேன். இப்படி ஒருத்தியோடுதான் நீங்கள் இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்தீர்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. லைட் வந்து என் முகத்தில் அடித்தது. குப்புசாமி இறங்கி மூடியைக் கழற்றிக் காட்டினார். பெல்ட் காய்ந்து சுத்தமாக இருந்தது. ஒரு பல் போகவில்லை. அறுபது மைல்.

நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று பாயம்மா நினைத்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

அடுத்தவன் உயிருக்காக உங்கள் பேரை நீங்களே கெடுத்துக்கொண்டீர்கள். என் பேருக்காக நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். வருகிற ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்திருப்பேன். நோய் தீர்ந்தது, வேலை கிடைத்தது என்று எல்லாரும் சொல்வார்கள் அல்லவா, அவர்களுக்கு நடுவில் நின்று, என் புருஷன் கையில் சுத்தம் இருந்தது, என்மேல்தான் தப்பு என்று சொல்வேன். அப்புறம் மற்ற நாலு பேர் வீட்டுக்கும் போவேன். குடியாத்தமோ வேலூரோ, அவர்கள் எங்கே இருந்தாலும் தேடிப் போய்ச் சொல்வேன். கதவைச் சாத்தினால் கதவுக்கு வெளியே நின்று சொல்வேன். உங்கள் பேரை நான் வாயால் சொன்னதேயில்லை, பெண்சாதி சொல்லக்கூடாது என்பார்கள். இனி சொல்வேன். தேவசகாயம் கடைந்தது சரியாகத்தான் இருந்தது என்று, உங்கள் பேரைச் சொல்லியே சொல்வேன்.

இப்படிக்கு,
காதுக்கு எட்டும்போது சொல்லாமல் விட்ட உங்கள் பெண்சாதி,
பெல்ட்கார சாலமோன் மகள்,
லில்லி